களிச்சேறும் நாரும்: எண்ணெய்க் கிணற்றுப் பாயியின் ஓட்டம்பற்றிய ஒரு திறனாய்வு

மாத்தளை மாவட்டத்தின் வடபாலிலே, சூழ்ந்த சமநிலத்தினின்றும் ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாய் எழுந்து நிற்குஞ் சிகிரியாக் குன்றின் ஓவியங்களைப்பற்றி எழுதாத கலையறிஞர் அரியர். கி.பி. 477 முதல் 495 வரை அரசாண்ட காசியப்பன் காலத்தனவாகக் கொள்ளப்படும் அவ்வோவியங்களிற் காணப்படும் பெண்டிர் யாவர் என்பதே நூறாண்டுக்கு மேலாக நிகழ்ந்துவரும் வழக்கு. பிதுரங்கல விகாரைக்கு மலரேந்திச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார் தொல்பொருள் ஆணையாளர் பெல். அரம்பையர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மின்னலும் முகிலுமே பெண்ணுருக் கொண்டன என்றார் பரணவிதான. தாரா தேவியின் வடிவங்கள் என்றார் பிற்காலத்தவராகிய ராஜா டி சில்வா. இவ்வழக்கிலே தீர்ப்புரைப்பது எமது நோக்கமன்று. அரம்பையரேயாயினும் அரசமகளிரேயாயினும் அவர்கள் நிற்பது பாறையின்மேலன்று, பாறைமேற் பூசிய மண்ணின்மேல் என்பதொன்றையே ஈண்டு நினைவூட்ட விழைகின்றோம். மேலே வழவழப்பான சுண்ணச் சாந்து. அதன் கீழே பிசைந்து பூசிய களிமண். அக்களிமண்ணினுள்ளே நெல்லுமியும் தாவர நாரும். ஓவியம்பற்றிய நூல்களிலே இச்செய்தி ஒரு வரியிற் கூறப்படும். அடுத்த வரியிலே மறக்கப்படும்.

அந்த ஒரு வரியே இக்கட்டுரைக்குப் பொருள். களிமண், நீர், உமி, நார் என்னும் இந்நான்கினையும் சிகிரியாவின் பூச்சுவேலைக்காரர் மட்டுமன்றி, எண்ணெய்க் கிணறு துளைப்போரும் கையாள்கின்றனர். முன்னவர் செய்தது சுவரிலே நிற்கவேண்டிய சேறு. பின்னவர் செய்வது குழாயிலே ஓடவேண்டிய சேறு. நோக்கம் நேர்மாறாயிருக்கவும் இருவரும் நாரையே நாடுவதேன்? நார் சேற்றுக்குச் செய்வது யாது? இவ்வினாவுக்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு: நார் சேர்த்தாற் சேறு தடிக்கும் என்பது. தொழிற் கைந்நூல்கள் பலவும், வகுப்பறைப் பேச்சும் இவ்விடையோடு அமைதி கொள்கின்றன. இவ்விடை முழுப் பொய்யன்று. ஆயினும் உண்மையின் மிகச் சிறிய கூற்றினையே கூறுவது. கூறாது விட்ட பகுதியிலேதான் பொருள் இருக்கின்றது என்பதனை ஆராய்ந்து காட்டுதல் எமது கருத்து.

எண்ணெய்க் கிணற்றுக்குச் சேறு எதற்கு என வினவுவார்க்கு முதற்கண் விடை கூறல்வேண்டும். துளைகருவியின் பொள்ளலான குழாய் வழியே அழுத்தத்தோடு கீழே செலுத்தப்படுஞ் சேறு, அடியிலே கருவியின் வாய்வழி வெளிப்பட்டு, குழாய்க்கும் துளையின் சுவருக்கும் இடைப்பட்ட வளைய வெளியூடாக மேலே திரும்பி வருகின்றது. வருங்கால் உடைந்த பாறைத் துகள்களைச் சுமந்து வருகின்றது. கருவியின் வெப்பந் தணிக்கின்றது. தன் பாரத்தினால் அடிநிலத்து வாயுவும் எண்ணெயும் பீறிட்டெழாவண்ணம் அடக்கி நிற்கின்றது. 1901ஆம் ஆண்டிலே ரெக்சாஸ் மாநிலத்து ஸ்பிண்டில்ரொப் மேட்டிலே துளைத்தவர்கள், வெறுநீர் மணலைத் தாங்காமை கண்டு, நீர்க்குட்டத்தினுள் மாடுகளை ஓட்டி உழக்கிச் சேறாக்கினர் என்பது எண்ணெய்த் தொழில் வரலாற்றிலே பலராலும் எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி. வண்டலை மாடு கட்டி மிதிப்பித்த நம் உழவர்க்கு இது வியப்பளிக்காது. நம் நாட்டிலும் இச்சேறு ஓடியதுண்டு. 1974ஆம் ஆண்டு தொடக்கம் மன்னார்த் தீவின் பேசாலையிலே சோவியத் நாட்டு உதவியுடன் கிணறுகள் துளைக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டிலே மன்னார்க் கடற்படுகையிற் கெயான் நிறுவனத்தின் பொருட்டுச் சிக்கியூ என்னும் யப்பானியத் துளைகப்பல் துளைத்த டொராடோக் கிணறு, 1,300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடைய கடலின் அடியையும் ஊடறுத்து 3,000 மீற்றரைக் கடந்து சென்று இயற்கை வாயுவைக் கண்டது. அத்துணை ஆழத்தினின்றும் ஒவ்வொரு பாறைத் துகளையும் மேலே கொணர்ந்தது சேறே.

இனி, ஓட்டம்பற்றிய அறிவினை நோக்குவாம். நீர், எண்ணெய், தேன் ஆகியவற்றிலே ஒரு படை மற்றொரு படைமேல் வழுக்குதற்கு வேண்டிய தகைப்பு, வழுக்கும் வேகத்துக்கு விகிதசமமாக அமையும். அவ்விகிதமே பிசுக்குமை, நியூற்றன் வகுத்த நெறி இது. சேறு இந்நெறிக்கு அடங்குவதன்று. ஒரு குறித்த அளவு தகைப்பு ஏறும்வரை அது திண்மம்போல் வாளாவிருக்கும். அவ்வளவு கடந்தபின்னரே ஓடும். இதனை 1916ஆம் ஆண்டிலே வரையறுத்தவர் அமெரிக்க வேதியியலறிஞர் யூஜின் பிங்கம். ஆகவே சேற்றை விவரிக்க இரண்டு எண்கள் வேண்டும்: அசையத் தொடங்கற்கு வேண்டிய தொடக்கத் தகைப்பு ஒன்று, அசைந்தபின் உள்ள பிசுக்குமை மற்றொன்று. துளைகளத்திலே இவற்றை அளக்கும் முறை எளியது. 1931ஆம் ஆண்டிலே மாஷ் என்பார் அமைத்த புனலிலே சேற்றை ஊற்றி, 946 மில்லிலீற்றர் வடிய எத்தனை செக்கன் செல்லுமெனக் கணக்கிடுவர். தூய நீர் 26 செக்கனில் வடியும். இதனினும் நுட்பமாக வேண்டின் சுழல் பிசுக்குமைமானியைக் கொள்வர். அதிலே வெளியுருளை நிமிடத்துக்கு 600 முறையும் பின்பு 300 முறையும் சுழல, இடையிலுள்ள சேறு உள்ளுருளையை எவ்வளவு முறுக்குகின்றது என்று காண்பர். இரு வாசிப்புக்களின் வித்தியாசம் பிசுக்குமையையும், எஞ்சியது தொடக்கத் தகைப்பையும் தரும். இம்முறையிற் குறையில்லை, களிமண்ணும் நீரும் மட்டுமாயின்.

நார் சேர்ந்தவுடன் நிலை மாறுகின்றது. உருண்டையான துகள்கள் பாயியிலே மிதக்குங்கால் பிசுக்குமை எவ்வளவு ஏறும் என்பதனை 1906இற் கணித்தவர் ஐன்ஸ்ரைன். கனவளவில் நூற்றுக்கு ஒரு பங்கு துகள் சேரின் பிசுக்குமை நூற்றுக்கு இரண்டரைப் பங்கு ஏறும். (முதலிலே அவர் வெளியிட்ட எண் ஒன்று என்பதாகும், பரீஸ் நகரத்துப் பரிசோதனைகள் அதனோடு ஒவ்வாமையால் 1911இலே தம் கணக்கைத் திருத்திக்கொண்டார். கணக்கினைப் பரிசோதனை திருத்திய இந்நிகழ்ச்சியை நம் மாணவர்க்கு எடுத்துக்கூறும் ஆசிரியர் மிகச் சிலரே.) இக்கணக்கிலே துகளின் அளவுக்கு இடமில்லை, கனவளவே பொருட்படுத்தப்படும். நாரின் கணக்கோ வேறு. 1922ஆம் ஆண்டிலே ஜெஃபரி என்னும் ஆங்கிலக் கணிதவறிஞர், நீண்ட துகள் ஓட்டத்திலே எவ்வாறு இயங்கும் என்பதனைத் தெளிவித்தார். ஒரு படை மற்றொன்றின்மேல் வழுக்கும் ஓட்டத்திலே அகப்பட்ட நீண்ட துகள் ஓயாது ஒரே வேகத்திற் சுழல்வதில்லை. பெரும்பொழுதும் ஓட்டத்தின் திசையிலே நீட்டி நிமிர்ந்து கிடந்து, இடையிடையே மின்வெட்டுப்போலக் குத்துக்கரணமடித்து, மீண்டும் அவ்வாறே கிடக்கும். எவ்வளவுக்கு மெலிந்து நீண்டதோ அவ்வளவுக்குக் கிடக்கும் நேரமும் கூடும்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு பொதுக் கருத்துக்கு மாறானது. ஓட்டத்தின் திசையிலே ஒழுங்காய்க் கிடக்கும் நார் வழுக்குதலை அதிகந் தடுப்பதில்லை. ஆகவே சிறிதளவு நார் சேர்த்தாற் குழாயிலோடுஞ் சேறு தடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. ஆனால் அதே பாயியை வழுக்காது இழுத்து நீட்டுவோமாயின், கிடந்த நார்கள் யாவும் இழுவையை எதிர்த்து நிற்கும். இவ்வெதிர்ப்பு நாரின் கனவளவை மட்டும் பொறுத்ததன்று. நீளத்துக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தின் வர்க்கத்தோடு ஏறுவது என்பதனை 1971இற் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் பச்சலர் நிறுவினார். எனவே, நார்ச்சேற்றுக்குத் தடிப்பு எவ்வளவு என்று வினவுவோர், எவ்வகை அசைவுக்கு என்பதையும் சேர்த்து வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவாமையே கைந்நூல்களின் முதற் குறை.

அடுத்து, நார்கள் ஒன்றோடொன்று சந்திப்பது எப்பொழுது என்பதைக் காண்போம். ஒரு நார் தன் நீளத்தை விட்டமாகவுடைய ஓர் உருண்டையிலே சுழல்வதாகப் பாவித்து, அவ்வுருண்டையினுள் எத்தனை நார்கள் அகப்படும் என்று கணக்கிடுவது காகிதத் தொழிலறிஞர் கண்ட வழி. கனேடியராகிய கெரெக்கெஸ் என்பார் இதனை நெருக்க எண் எனப் பெயரிட்டு வழங்கினார். நீள விட்ட விகிதத்தின் வர்க்கத்தைக் கனவளவுப் பங்காற் பெருக்கி, மூன்றில் இரண்டு எடுத்தால் அவ்வெண் கிடைக்கும். எண் ஒன்றின் கீழாயின் நார்கள் தனித்தனியே திரியும். ஏறத்தாழ 60 ஆயின், ஒவ்வொரு நாரும் சராசரியாக மூன்று அயல் நார்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூன்று என்னும் இத்தொகையிலே ஒரு நயம் உண்டு. ஓரிடத்திற் தொடப்பட்ட நார் அதனைச் சுற்றித் திரும்பிவிடும். ஈரிடத்திற் தொடப்பட்டது வழுவிச் செல்லும். மூவிடத்திலே மாறி மாறித் தொடப்பட்டது வில்போல் வளைந்து, தன் மீள்சத்தியாலே தானே இறுகிப் பூட்டுண்டு நிற்கும். ஓலை முடையுங்கால் ஒரு கீற்றை மேலுங் கீழும் மேலுமாகக் கோத்து இறுக்குவது இதுவே. அப்பொழுது பாயியினுள்ளே ஒரு வலை தோன்றிவிடுகின்றது.

இதற்கு எவ்வளவு நார் வேண்டும்? 10 மில்லிமீற்றர் நீளமும் 0.02 மில்லிமீற்றர் விட்டமுமுடைய ஒரு செயற்கை இழையை எடுத்துக்கொள்வோம். விகிதம் 500, அதன் வர்க்கம் 2,50,000. நெருக்க எண் 60 ஆவதற்கு வேண்டிய கனவளவு நூற்றுக்கு 0.036 பங்கு மட்டுமே. பத்தாயிரம் குவளைச் சேற்றுக்கு நான்கு குவளை இழையும் வேண்டாம். இவ்வளவு சிறிய பங்கு உருண்டைத் துகளாயிருப்பின் ஐன்ஸ்ரைன் கணக்கின்படி பிசுக்குமை ஆயிரத்தில் ஒரு பங்குதானும் ஏறாது. தடித்தல் என்னுஞ் சொல் ஈண்டு எத்துணைப் பொருந்தாதது என்பது இக்கணக்காற் புலனாகும். நார் செய்வது தடிப்பாக்கலன்று, வலைகட்டல்.

வலைகட்டிய பாயியின் ஓட்டத்தை முதலில் ஊன்றிக் கற்றவர்கள் எண்ணெய்த் தொழிலாரல்லர், காகிதத் தொழிலாரே. 1950களிலே மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்ரான்லி மேசனும் அவர்தங் குழுவினரும் கூழ் குழாயிலே செல்வதை ஆராய்ந்து, நார்வலை நடுவே ஒரு திரண்ட தூண்போலச் செல்வதையும், குழாய்ச் சுவரையொட்டி நார் குறைந்த மெல்லிய நீர்ப்படை ஒன்று அமைவதையும் விளக்கினர். வேகம் மிகுங்கால் இக்கூழ் வெறுநீரினுங் குறைந்த உராய்வோடு ஓடுவதுமுண்டு. நார் சேர்த்தால் ஓட்டம் எளிதாகும் என்பதைக் கேட்போர் நகைப்பர். ஆயினும் அது மெய். அதே காலத்திலே கீழ் மாகாணத்து வாழைச்சேனையிலே தொடங்கிய நம் காகித ஆலை நெல் வைக்கோலிலிருந்து கூழ் செய்தது. வைக்கோற் கூழ் நம் நாட்டுக் குழாய்களிலே பல்லாண்டு ஓடியிருக்கவும், நம் பாடநூல்களிலே பிசுக்குமைக்கு எடுத்துக்காட்டாக ஆமணக்கெண்ணெயும் கிளிசரீனுமே வருவது வருந்தத்தக்கது.

இனி இக்கட்டுரையின் முதன்மையான வழக்குக்கு வருவோம். ரமடான் அகமட், நிக்கலஸ் ரக்காச் என்னும் ஆய்வாளர் இருவர் 2009இலே வெளியிட்ட ஆய்வொன்று, கிணற்றைத் துப்புரவாக்க அனுப்பப்படும் பாயியிலே மிகச் சிறிதளவு செயற்கை இழை சேர்த்துப் பார்த்தது. துளையின் அடிப்புறத்திலே படிந்த துகள்களை இழை சேர்ந்த பாயி இழையில்லாத பாயியினும் நன்றாக வாரிச் சென்றது. பிசுக்குமைமானியின் வாசிப்புக்களோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இதன்பின் வந்த ஆய்வுகளும், இழைப் பாயியிலே உருண்டைகள் மெதுவாகத் தாழ்வதைக் காட்டின. பரிசோதனை சிறந்தது, பயனும் பெரிது. ஆனால் இதிலிருந்து துறையிலே பரவிய வாசகமாகிய ‘சிறிதளவு இழை ஓட்டவியல்பை மாற்றாது’ என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் இயலாது.

ஏனெனில், அளந்த கருவியை நோக்குக. வழக்கமான சுழல் பிசுக்குமைமானியிலே வெளியுருளையின் உள்ளாரை 18.415 மில்லிமீற்றர்; உள்ளுருளையின் ஆரை 17.245 மில்லிமீற்றர். இடைவெளி 1.17 மில்லிமீற்றர் மாத்திரமே. அதனுட் புகுவதோ 10 மில்லிமீற்றர் நீளமான இழை. இடைவெளியின் எட்டு மடங்குக்கு மேல் நீண்ட இழை அவ்விடுக்கிலே குறுக்காகத் திரும்ப வழியின்றி உருளையைச் சுற்றி வளைந்து கிடத்தலன்றி வேறு செய்யாது. ஒவ்வோர் இழையும் எத்திசையும் நீட்டி மூன்று அயலாரைத் தொட இடமிருந்தாலன்றி வலை தோன்றாது. வலை தோன்ற இடந்தராத கருவியைக்கொண்டு வலையைத் தேடுதல், கடலிலே விரிக்கவேண்டிய வலையைச் செம்பினுள்ளே விரித்துப் பார்த்தல் போலும். கிணற்றின் வளைய வெளியோ பல சென்ரிமீற்றர் அகலமானது. ஆங்கு வலை தாராளமாய் விரியும். எனவே கருவியின் வாசிப்பு மாறாமையாற் பாயி மாறவில்லை என்று முடிவுகட்டல் தருக்கமாகாது. மாறியது இன்னதென அக்கருவி சொல்ல வல்லதன்று என்பதே நியாயமான முடிவு. மாஷ் புனலின் நிலை இதனினும் இழிந்தது. அதன் ஒடுங்கிய வாயின் உள்விட்டம் 5 மில்லிமீற்றருக்குச் சற்றே குறைவு. நீண்ட இழை அங்கே அடைத்துக்கொண்டால், ‘செக்கன்’ கூடியது எனக் குறித்துக்கொள்வாருமுளர்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் ஆகாது. மேலே கூறிய ஜெஃபரியின் முடிவின்படி, விசாலமான கருவியிலேயும் வழுக்கும் ஓட்டத்திற்கு இழை பெருந்தடை செய்யாமை இயல்பே. பம்பியின் அழுத்தம் ஏறாமை துளைப்போர்க்கு நன்மையே. எமது தடை, அவ்வொருவகை அசைவுக்குக் கண்டதை ‘ஓட்டவியல்பு’ என்ற பெரும்பெயரால் வழங்குவதன்மேலதாகும்.

துகளைத் தாங்குதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்கின் இத்தடையின் நியாயம் தெளிவாகும். அசையாதிருக்குஞ் சேற்றிலே ஓர் உருண்டை தாழாது நிற்க வேண்டிய தொடக்கத் தகைப்பு, அடர்த்தி வித்தியாசம், ஈர்ப்பு, விட்டம் ஆகியவற்றின் பெருக்கத்திலே ஏறத்தாழ 21இல் ஒரு பங்கு. 5 மில்லிமீற்றர் விட்டமும் நீரினும் 2.6 மடங்கு அடர்த்தியுமுடைய பாறைத் துகளுக்கு, 1.2 மடங்கு அடர்த்தியான சேற்றிலே இது மூன்றரைப் பாஸ்கலினுஞ் சற்றுக் குறைவாகும். நல்ல களிச்சேறு இதனைத் தரவல்லது. ஆகவே பம்பி நின்றிருக்குங்கால் துகள் தாழாது. ஆனால் பம்பி ஓடுங்கால், சேறு ஏற்கெனவே இளகி ஓடிக்கொண்டிருப்பதால், அத்தொடக்கத் தகைப்பு துகளுக்குத் துணைநில்லாது. ஓடுகின்ற சேற்றினூடே துகள் மெல்லத் தாழ்ந்துகொண்டேயிருக்கும். நேர்க்குத்தான கிணற்றிலே இது பெருங் கேடன்று, மேலெழும் வேகம் தாழும் வேகத்தை வென்றுவிடும். சரிந்தும் படுக்கையாகவும் செல்லும் இக்காலத்துக் கிணறுகளிலோ, துகள் தாழவேண்டிய தூரம் ஒரு சாணுக்குள் அடங்கும். தாழ்ந்தவை அடியிலே படுகையாகிக் குழாயைச் சிறைப்படுத்தும். களிமண்ணின் பிணைப்பு ஓட்டத்திலே நொடியில் அறுவது. இழைவலையோ இழைகளின் மீள்சத்தியால் ஆனது; ஓட்டத்தின் நடுவே தூணாகச் செல்லும்போதும் அது வலையாகவே செல்லும். துகள் அதனிலே சிக்கிச் செல்கின்றது. இதனை இரண்டு எண்களுள் எதிலே எழுதுவது? பிங்கம் தந்த ஏட்டிலே இதற்குப் பத்தியில்லை.

கைந்நூல்களின் மற்றொரு குறை, நாரின் பல தொழில்களை ஒரு தலைப்பின்கீழ்க் குவித்தல். வெடித்த பாறையினூடே சேறு வழிந்து இழக்கப்படுங்கால், தும்பு, உமி, அப்பிரகச் செதில், கொட்டையோட்டுத் தூள் முதலியவற்றைக் கலந்து அனுப்பி வெடிப்பை அடைப்பர். ஈண்டு நார் வெடிப்பின் வாயிலே குறுக்கே கிடந்து பாலமாகின்றது. உமி அப்பாலத்தின் கண்களை அடைக்கின்றது. களிமண் எஞ்சிய நுண்துளையை மூடுகின்றது. துப்புரவுப் பாயியிலே மிதந்து வலையாக வேண்டிய நார், இங்கே சிக்கி அடைப்பாக வேண்டும். பாறையைப் பிளந்து மணல் செலுத்தும் பாயிகளிலே வேறொரு கூற்று: மணல் தாழாது பிளவின் கடைசிவரை சென்றபின் இழை கரைந்தொழிதல் நன்று, ஆதலின் வெப்பத்திலே கரையும் பல்லிலத்திக்கமில இழைகளைக் கையாள்கின்றனர். ஒரே பொருள் ஓரிடத்திலே நிற்பதும், ஓரிடத்திலே ஓடுவதும், ஓரிடத்திலே மறைவதும் வேண்டப்படுகின்றது. இவை யாவற்றையும் ‘தடிப்பாக்கிகள்’ என ஒரு பட்டியலில் இடுவோர், உப்பையுஞ் சீனியையும் வெண்பொடிகள் என்று ஒரு பாத்திரத்தில் இடுவோரை ஒப்பர்.

தமிழிலே இவ்விடர்ப்பாடு நேரவேண்டியதில்லை என்பது எமது துணிபு. பாகு வேறு, கூழ் வேறு, களி வேறு, குழம்பு வேறு, சேறு வேறு என்று நம் அடுக்களையும் வயலும் பிரித்தறிந்துள்ளன. இழுத்தால் நூலாக நீள்வது பாகு. நீளாது அறுவது களி. இவ்வேறுபாடு, பிங்கம் சொன்னதற்கும் பச்சலர் சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டோடு நெருங்கிய உறவுடையது. இவ்வளமான சொற்களை ஒதுக்கிவிட்டுப் பிசுக்குமை என்ற ஒரு கலைச்சொல்லுக்குள்ளே யாவற்றையும் அடக்க முயல்வது மொழிபெயர்ப்பின் குறையன்று. மூலத்திலுள்ள குறையை ஆராயாது ஏற்றுக்கொண்டமையின் விளைவே.

ஆயினும் இதன் மறுதலையாகிய வேறொரு மயக்கமும் நம்மிடையே உண்டு. அதனையும் கண்டித்தல் வேண்டும். சிகிரியாவின் பூச்சிலே நார் இருப்பது கண்டவுடன், இன்றைய எண்ணெய்ப் பொறியியலை அன்றே நம்மவர் அறிந்திருந்தனர் என முழக்குவோர் உளர். அவர்கள் அறிந்தது எண்ணெய்க் கிணறன்று, சுவர். 12 மில்லிமீற்றர் தடிப்பான ஈரக் களிமண் செங்குத்தான பாறையிலே வழியாது நிற்பதற்கு, அதன் அடர்த்தி நீரினும் 1.8 மடங்கெனக் கொண்டால், ஏறத்தாழ 210 பாஸ்கல் தொடக்கத் தகைப்பு வேண்டும். துளைசேற்றுக்கு வேண்டியதினும் பன்மடங்கு மிகுந்த இதனைக் களிமண்ணே தந்துவிடும், நீரைக் குறைத்துப் பிசைந்தால். நாரின் உதவி பிசைந்தபின் தொடங்குவது. உலருங்கால் களி சுருங்கும்; பாறை சுருங்காது; இடையிலே வெடிப்பு எழும். வெடிப்பின் குறுக்கே கிடக்கும் நார் அதனை அகலவிடாது பல நுண்ணிய வெடிப்புக்களாகப் பகிர்ந்துவிடும். உமியோ சுருங்காத பொருளாய் நின்று சுருக்கத்தின் அளவையே குறைக்கும். மலைநாட்டிலும் வன்னியிலும் வரிச்சு வீடு கட்டுவோர் மண்ணிலே வைக்கோலை வெட்டிப்போட்டு மிதித்தது இதன்பொருட்டே. இத்திறன் கைகண்ட திறன், போற்றத்தக்கது. அதனை வேறொன்றாகப் பாராட்டுவது அதனைக் காணாமைக்கு ஒப்பாகும்.

ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்து தோரியனைற்று என்னுங் கனிமத்தைக் கண்டறிந்தவர். அதன்பின்னரே 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலை வெளியிட்டார். கல்லையும் மண்ணையும் ஆராய்ந்த கண்ணே கலையையும் ஆராய்ந்தது. கைவினைஞர் பொருள்களை எவ்வாறு கூட்டினர் என்பதற்கு அவர் அந்நூலிலே கொடுத்த இடத்தைப் பின்வந்த ஓவிய விமரிசகர் கொடுத்திலர். சிகிரியாவின் பூச்சு வெறும் பின்னணியன்று என்பது 1967ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே கசப்பான முறையில் உணரப்பட்டது. தீயோர் சிலர் ஓவியங்கள்மேற் பச்சை நிறப்பூச்சை அப்பிச் சிலவற்றைச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூச்சியானோ மரன்சி வந்து செப்பனிட்டார். அத்தகைய செப்பனிடலிலே நிறத்துக்கு நிறம் பொருந்தினாற் போதாது; பழைய பூச்சும் புதிய நிரப்பும் ஈரத்திலும் வெப்பத்திலும் ஒருங்கே விரிந்து சுருங்குதல் வேண்டும்; அதற்கு நாரின் நீளமும் அளவும் கிடக்கையும் தெரிதல் வேண்டும்.

கிடக்கை என்றோம். பூச்சுக்காரன் கரணையை இழுக்குந்தோறும், பாறைக்கும் கரணைக்கும் இடைப்பட்ட களியிலே ஒரு படை மற்றொன்றின்மேல் வழுக்குகின்றது. ஜெஃபரி கூறியவாறே நார்கள் இழுத்த திசையிலே நீட்டிக் கிடக்கும். குழாயிலோடுஞ் சேற்றிலே இவ்வொழுங்கு மறுகணமே குலைவது. மேலே வந்த சேற்றிலுள்ள இழைகளோ அதிர் அரிதட்டின் கண்ணிகளிலே பாறைத் துகள்களோடு சிக்கி, வாரிக் கொட்டப்படுகின்றன. சுவரிலே அது உலர்ந்து நிலைத்துவிட்டது. பெயர்ந்து விழுந்த ஒரு சிறு பூச்சுத் துண்டினைப் பக்கவாட்டிலே வெட்டி நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கின், கரணைக்கு அண்மையிலுள்ள நார்கள் பெரிதும் ஒருதிசைப்பட்டும், பாறையை ஒட்டிக் கையால் அப்பிய பகுதியிலுள்ளவை தாறுமாறாகவும் இருத்தல் வேண்டும். இடமிருந்து வலமாக இழுத்தானோ, கீழிருந்து மேலாக இழுத்தானோ, ஒரே நாளிலே ஒரே படையாகப் பூசினானோ, முதற்படை சற்றே உலர்ந்தபின் இரண்டாவதை இட்டானோ என்பனவெல்லாம் அக்கிடக்கையிலே பதிந்திருக்கும். ஓவியப் பெண்டிர் யாவரென்னும் வழக்குக்குச் சான்று தேடுவோர் முகத்தையும் மலரையும் நோக்குக. பூசியவன் கையை அறிய விரும்புவோர் நோக்கவேண்டியது, அம்முகங்களின் பின்னே ஒன்றரை ஆயிரம் ஆண்டாக அசையாது கிடக்கும் அந்த ஓட்டத்தை.